எந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர்? தாம்பரம் பக்கத்து நூறாண்டுக் கதை

 பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். காபிக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பதுதான் பதிவே.

போன மாதம் புனேயிலிருந்து மகள் பேசினாள். பேரனுக்கு ஆறு மாதம் முடியப் போகிறது, சோறூட்டலுக்கு இங்கே வருகிறார்கள். எல்லாம் பேசி முடித்துவிட்டு, போனை வைக்கும்போது கேட்டாள்: "அப்பா, அங்க குழந்தைக்கு எந்தத் தண்ணி குடுக்கிறது?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் எங்கள் வீட்டில் நான்கு தண்ணீர் இருக்கிறது. மாநகராட்சிக் குழாயிலிருந்து சம்ப்புக்கு வருவது ஒன்று. போர் தண்ணீர் ஒன்று. வாசலில் இறங்கும் இருபது லிட்டர் கேன் ஒன்று. மகன் வாங்கி மாட்டிய ஆர்.ஓ. மெஷின் ஒன்று. நானும் மனைவியும் அன்றன்று எது கைக்கு வருகிறதோ அதைக் குடித்துவிட்டு நாற்பது வருடம் ஓட்டிவிட்டோம். முப்பத்திரண்டு வருடம் வரலாறு நடத்தியவனுக்கு மகளிடம் சொல்ல ஒரு பதில் இல்லை. "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றேன். விசாரித்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். "நல்ல தண்ணி" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதற்கு என்ன பொருள்? சுத்தமான தண்ணீர் என்றா? இல்லை. உப்புக் கரிக்காத தண்ணீர் என்று பொருள். நல்ல தண்ணிக் கிணறு, உப்புத் தண்ணிக் கிணறு என்று இரண்டே ஜாதிதான். பருப்பு வெந்தால் நல்ல தண்ணி, சோப்பு நுரைத்தால் நல்ல தண்ணி. தீர்ப்பு சொல்வது நாக்கும் பருப்பும். கடலோர ஊர்க்காரர்களுக்கு அது நியாயமான அளவுகோல்தான். ஆனால் ஆளைக் கொல்லும் எதற்கும் தண்ணீரில் ருசி கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நம் பகுதிக்குத் தண்ணீர்ப் பஞ்சம் என்பதே புதிய விஷயம். செங்கல்பட்டுக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, இரும்புலியூர், பல்லாவரம் பெரிய ஏரி என்று விரல் விட்டு எண்ணினால் விரல் போதாது. திருநீர்மலைக்கு அந்தப் பெயர் வந்த கதை உங்களுக்குத் தெரியும். மலையைச் சுற்றி நீர் நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து, வடிந்த பிறகே பெருமாளைச் சேவித்தார் என்பார்கள். கதையை நம்பாவிட்டாலும் அந்த ஊரின் நீர்வளத்தை நம்பலாம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு வருகிறது. முதலாம் பராந்தகன் காலம், 919, 921 ஆண்டுகள். குடவோலையை மட்டும் பாடத்தில் வைத்து ஏரி வாரியத்தை ஒரு வரியில் தாண்டிப் போனோம். நானும் அப்படித்தான் நடத்தினேன்.

ஏரி நிரம்பினால் கிணறு நிரம்பும், அவ்வளவுதான் அன்றைய ஏற்பாடு. ஏனென்றால் நமக்குக் கீழே இருப்பது பாறை. பரங்கிமலையிலிருந்து பல்லாவரம், தாம்பரம் வரை ஓடும் இந்தக் கரும்பாறைக்கு உலகப் புவியியலில் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் இந்தப் பக்கத்திலிருந்து போனது. அதைப் பார்த்து ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-ல் அப்படிப் பெயர் வைத்தார். இந்தப் பாறை தண்ணீரைச் சேமிக்காது. மேலே இருக்கும் மக்கிய மண்ணிலும், கீழே பாறை வெடிப்புகளிலும்தான் நீர் நிற்கும். மேல்மண் தண்ணீர் மழை பெய்தால் வரும், ருசியாக இருக்கும். ஆழத்து வெடிப்புத் தண்ணீர் பல காலம் கல்லோடு கிடந்து சுண்ணாம்பையும் உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். 1982-ல் நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு கட்டியபோது இருபது அடியில் உறைக் கிணறு. இளநீர் மாதிரி இருக்கும். இன்று போர் முந்நூறு அடி. துணி துவைக்கத்தான் ஆகும்.

சரி, பட்டணத்துக் கதைக்கு வருவோம். கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கும் இதே பிரச்சினைதான், கடல் பக்கத்து உப்பு. 1772-ல் கேப்டன் பேக்கர் என்பவர் கோட்டைக்கு வடக்கே பத்துக் கிணறு வெட்டினார். மூன்று வறண்டு போக, மிஞ்சியது ஏழு. அதுதான் இன்றும் ஜார்ஜ் டவுனில் ஏழுகிணறு. அந்தத் தண்ணீர் கோட்டைக்குப் போனது, சுற்றியிருந்த கறுப்பர் நகரத்துக்குப் போகவில்லை. நூறு வருடம் கழித்து 1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. கொசஸ்தலையாற்றைத் தாமரைப்பாக்கத்தில் மடக்கி, சோழவரம், செங்குன்றம் வழியாகக் கீழ்ப்பாக்கம் வரை திறந்த வாய்க்காலில் கொண்டுவந்தார்கள். ஃப்ரேசர் என்ற எஞ்சினியரின் திட்டம். அங்கிருந்து இரும்புக் குழாயில் வீதிகளுக்கு. ஊரே கொண்டாடியது. ருசியான ஏரித் தண்ணீர், நாக்கின் தீர்ப்புப்படி முதல்தரமான நல்ல தண்ணி.

ஆனால் வடிகட்டாத தண்ணீர். வாய்க்கால் திறந்து கிடந்தது. கரையில் மாடும் மனிதரும். காலரா நகரத்தை விட்டுப் போகவில்லை.

இதற்கு முன்பே, 1854-ல், லண்டனில் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் பிராட் தெருவில் ஒரு பம்பைச் சுற்றித்தான் காலராச் சாவுகள் குவிகின்றன என்று வரைபடம் போட்டுக் காட்டியிருந்தார். அந்தப் பம்புத் தண்ணீர் ருசியானது என்று பெயர் வாங்கியது என்பதைக் கவனியுங்கள். தொலைவிலிருந்து ஆள் விட்டு எடுத்து வரச் சொல்லிக் குடித்த ஒரு அம்மாள்கூட இறந்துபோனார். அதற்குப் பிறகும் பலர் ஸ்நோவை நம்பவில்லை. நம்ப வைத்தது 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம். எல்பே ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்த ஹாம்பர்க்கில் 8,000-க்கும் மேற்பட்டோர் காலராவில் செத்தார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த அல்டோனா அதே ஆற்றுத் தண்ணீரைத்தான், அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டிக் குடித்தது. அங்கே நோய் பரவவில்லை. ஒரே தெரு, இடப்பக்கம் சாவு, வலப்பக்கம் பிழைப்பு. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

சென்னைக்கு அந்த மணல் வடிகட்டி 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் வந்தது. மேட்லி என்ற எஞ்சினியரின் வேலை. தி. நகரில் மேட்லி சுரங்கப்பாதையில் மழைநீரில் மாட்டிக்கொள்ளும்போது இவரை நினைத்துக்கொள்ளலாம், பாவம். கிண்டியில் 1899-ல் தொடங்கிய கிங் இன்ஸ்டிடியூட் தடுப்பூசியோடு தண்ணீர்ப் பரிசோதனையும் செய்தது. அமெரிக்காவில் ஜெர்சி சிட்டி 1908-ல் நகர்க் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கியது. பிறகு உலகமெங்கும் அது பரவியது. இன்று நாம் மூக்கைச் சுளிக்கும் அந்த பிளீச்சிங் பவுடர் வாடை காப்பாற்றிய பிள்ளைகளின் எண்ணிக்கை எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல என்பது என் அபிப்பிராயம்.

இதெல்லாம் நகரத்துக்கு. பரங்கிமலைக்குத் தெற்கே குழாய் வரவில்லை. நமக்குக் காற்று நல்ல காற்று, கிணறு நல்ல கிணறு என்ற பெயர்தான். டாக்டர் சௌரி முத்து 1928-ல் காசநோய் சானடோரியத்தை இங்கே தொடங்கியதும் அந்தப் பெயரால்தான். 1931-ல் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் தாம்பரம் வந்தது. 1937-ல் கிறித்துவக் கல்லூரி நகரத்து நெரிசலை விட்டு இங்கே காட்டுக்குள் குடிவந்தது. ரயில் வந்தது, ஜனம் வந்தது, மனை வந்தது. குழாய் மட்டும் பல பத்தாண்டுகள் கழித்து வந்தது.

அதற்குள் இரண்டு விஷயங்கள் நடந்துவிட்டன.

முதலாவது, குரோம்பேட்டை. இந்தப் பெயரில் இருக்கும் குரோம் என்ன என்று என் மாணவர்களைக் கேட்டிருக்கிறேன். பாதிப் பேருக்குத் தெரியாது. குரோம் லெதர் கம்பெனி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சாட்டர்டன் என்ற அதிகாரி மெட்ராஸில் குரோமியம் உப்பால் தோல் பதனிடும் முறையைப் பரப்பினார். சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரம் பக்கம் ஆலை வைத்தார். அதைச் சுற்றித் தோல் ஷெட்டுகள் பெருகின. ஆவாரம் பட்டையில் வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல் குரோமியத்தில் சில நாளில் தயார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் பிழைத்தன. அதையும் சொல்ல வேண்டும். தோல் கெடாமல் இருக்க உப்பு போட்டுத்தான் கொண்டுவருவார்கள். அந்த உப்பைக் கழுவிய தண்ணீர், குரோமியம் கலந்த தண்ணீர், எல்லாம் ஓடையிலும் ஏரியிலும் போய் நிலத்தில் இறங்கியது. கிணறுகள் முதலில் கரித்தன. பல வீடுகள் அப்போதே குடிப்பதை நிறுத்தின. இங்கே நாக்கு உபகாரம் செய்தது. உப்பு கரிக்காமல் குரோமியம் மட்டும் வந்திருந்தால் நாக்குக்குத் தெரிந்திருக்காது.

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வேலூர் வழக்கு என்று பெயரே தவிர, அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்து ஷெட்டுகளும் அதில் சேர்த்திதான். மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்பதையும், ஆபத்து முழுதாக நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்பதையும் இந்த நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் சாதாரணச் சுத்திகரிப்பு குரோமியத்தைப் பிடிக்கும், கரைந்த உப்பைப் பிடிக்காது. இறங்கினது இறங்கினதுதான். அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில்கூட குரோம்பேட்டைச் சுற்றுவட்டக் கிணறுகள் பலவற்றில் குரோமியம் குடிநீர் வரம்பைத் தாண்டியிருந்தது. வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் இது போகாது, நீர் ஆவியாகப் போகப் போக அடர்த்திதான் கூடும்.

இரண்டாவது விஷயத்துக்கு ஆலை முதலாளி யாரையும் குறை சொல்ல முடியாது. செய்தது நாம்தான். அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனை. பாதாளச் சாக்கடை கிடையாது. எல்லார் வீட்டிலும் ஒரு கிணறு, ஒரு செப்டிக் டேங்க். வாஸ்துப்படி கிணறு ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கு. செப்டிக் டேங்க் வாயு மூலையில், வடமேற்கு. என் வீட்டில் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் மொட்டை மாடியில் நின்று பார்க்கும்போது உறைத்தது. எனக்குக் கிழக்கு வீட்டுக்காரரின் வடமேற்கு மூலை எது? என் வடகிழக்கு மூலையேதான்! அவர் செப்டிக் டேங்கும் என் கிணறும் ஒரு காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். என் செப்டிக் டேங்க் மேற்கு வீட்டுக்காரர் கிணற்றுக்குப் பக்கத்தில். தெரு முழுக்க இப்படியே. எல்லாரும் சாஸ்திரப்படி கட்டி, எல்லாரும் ஒருவர் கழிவை ஒருவர் குடித்திருக்கிறோம்.

இப்படி இறங்கும் கழிவில் கிருமி இருக்கிறது, நைட்ரேட்டும் இருக்கிறது. கிருமி கொதித்தால் சாகும். நைட்ரேட் சாகாது. 1945-ல் அமெரிக்காவின் அயோவாவில் காம்லி என்ற மருத்துவர் பண்ணை வீட்டுக் கைக்குழந்தைகள் சிலர் நீலம் பாரித்து வருவதைக் கண்டார். கிணற்றுத் தண்ணீரில் பால் கலந்து கொடுத்திருந்தார்கள். அந்தக் கிணறுகளில் நைட்ரேட். சின்னக் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான் அபாயம் அதிகம். நம் தரக்கட்டுப்பாட்டில் நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்று வரம்பு வைத்ததற்கு இதுதான் காரணம். தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் முதல் ஆறு மாதம் தண்ணீரே வேண்டாம். பால் பவுடர் கரைப்பவர்கள் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது. என் பெரியவனை 1984-ல் அப்படித்தான் வளர்த்தோம்.

கிருமிக் கதை பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. காலராவில் ஓ139 என்று ஒரு புதிய வகை உலகத்தில் முதலில் தலைகாட்டிய இடம் மெட்ராஸ், 1992 கடைசியில். அங்கிருந்து கல்கத்தா, வங்கதேசம் என்று போனது. வெகு சமீபத்தில், 2024 டிசம்பரில், பல்லாவரம் பக்கம் ஒரே வட்டாரத்தில் பலர் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், உயிரும் போனது. குடிநீரில் கழிவு கலந்ததா, சாப்பாடா என்று சர்ச்சை நடந்தது. எதுவாக இருந்தாலும், அன்று அந்தத் தெருக்களில் யாரும் தண்ணீர் கரிக்கிறது என்று புகார் சொன்னதாக நான் படிக்கவில்லை.

மறுபடி காலவரிசைக்கு வருகிறேன். பாலாற்று மணலில் கிணறு போட்டு எடுத்த தண்ணீர் தாம்பரம், பல்லாவரம் நகராட்சிகளுக்குக் குழாயில் வந்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை, மூன்று நாளைக்கு ஒருமுறை, அர்த்த ராத்திரியில். அலாரம் வைத்துக் குடம் பிடித்தவர்களுக்குத் தெரியும். ஆற்று மணல் தானே ஒரு வடிகட்டி என்பதால் தண்ணீர் தெளிவாக இருக்கும். ஆனால் போதாது. 2001-லிருந்து மழை பொய்த்தது. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். (நல்ல சட்டம். பலர் வீட்டில் ஒரு குழாயை வளைத்து மண்ணில் சொருகிப் போட்டோ எடுத்ததோடு சரி.) அந்த வறட்சியில்தான் கேன் தண்ணீர் நம் சமையலறைக்குள் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தது. பாட்டில் தண்ணீர் இந்தியாவுக்கு வந்தது 1965-ல், பம்பாய்க்கு. அப்போது அது பெரிய ஓட்டல் சரக்கு. தண்ணீரை விலைக்கு வாங்குவதா என்று சிரித்தவர்கள் நாங்கள். இன்று மளிகைக் கணக்கில் அரிசிக்கு அடுத்து கேன். 2001-ல் இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரை கட்டாயமானது. ஆனாலும் 2003-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பரிசோதித்த பாட்டில் நீரில் பூச்சிக்கொல்லி எச்சம் வந்தது, பெரிய ரகளை.

எங்களுக்குக் கேன் போடும் பையன் நல்ல பையன். ஒருநாள் கேனை வெயிலில் பார்த்தபோது உள்ளே பச்சையாக ஒரு படலம். "சார், வேற தரேன்" என்றான். தந்தான். அந்தப் பச்சைக் கேன் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். கேனுக்குள் இருப்பது பெரும்பாலும் இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர்தான், ஆர்.ஓ. போட்டது. ஆலை ஒழுங்காக நடந்தால் ஒரு குறையும் இல்லை. ஒழுங்காக நடக்கிறதா என்று நாக்குக்குத் தெரியாது.

2019 கோடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜோலார்பேட்டையிலிருந்து ஜூலை 12-ம் தேதி 25 லட்சம் லிட்டரோடு தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது. ஏழுகிணற்றிலிருந்து ரயிலுக்கு 247 வருடம்.

இனி ஆர்.ஓ. இதன் வேரிலும் நம் ஊர்ப் பெயர் ஒன்று உண்டு. 1959-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சல்ஸில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜனும் சேர்ந்துதான் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வை நடைமுறைக்கு ஏற்றபடி உருவாக்கினார்கள். 1965-ல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில் முதல் ஆலை. நிலத்தடி நீர் உப்பாகி, ரயிலில் தண்ணீர் வாங்கிக் குடித்த ஊர் அது. அங்கே அது உயிர் காத்த சாதனம். இன்று நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குவதும் அதே தத்துவம்தான். ஒரு வித்தியாசம்: அங்கே உப்பை எடுத்த பிறகு சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்த்துத்தான் குழாயில் விடுகிறார்கள்.

வீட்டு மெஷின் வந்த விதம் வேறு. மகன் வாங்குமுன் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். இரண்டு டம்ளர். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், ஒன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் உள்ள ஒரு கருவியை இரண்டிலும் விட்டு கரண்ட் கொடுத்தார். குழாய்த் தண்ணீர் சேறு போலப் பழுப்பாகிவிட்டது. மனைவி முகம் மாறிவிட்டது. "பார்த்தீங்களா மேடம், இதைத்தான் குடிக்கிறீங்க." அன்றே முன்பணம். பிறகு பள்ளியில் என்னோடு வேலை பார்த்த வேதியியல் ஆசிரியரிடம் சொன்னேன். சிரித்தார். "சார், அது கம்பியிலே இருந்த இரும்பு. தண்ணியிலே உப்பு இருந்தா கரண்ட் பாயும், இரும்பு கரையும். ஆர்.ஓ.விலே உப்பு இல்லே, கரண்ட் பாயலே. ஒரு சிட்டிகை சமையல் உப்பை ஆர்.ஓ. தண்ணியிலே போட்டுட்டுக் காட்டச் சொல்லியிருக்கலாமே!"

டி.டி.எஸ். மீட்டரும் இதே ஜாதிதான். பேனா மாதிரி இருக்கும், தண்ணீரில் விட்டால் எண் காட்டும். அது அளப்பது மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை. அதை வைத்து உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று கணக்கிடுகிறது. காலராக் கிருமி இருந்தால் காட்டாது. கால்சியமா, நைட்ரேட்டா என்று பிரித்துச் சொல்லாது. நம் பழைய நாக்குதான் அது, பேட்டரி போட்ட நாக்கு. இந்தியத் தரத்தின்படி டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. 40 காட்டினால் 400-ஐ விடப் பத்து மடங்கு ஆரோக்கியம் என்று எந்த நூலிலும் இல்லை. மாறாக, தாது உப்பை முழுக்க எடுத்துவிட்ட நீரை நெடுநாள் குடிப்பதில் உள்ள பாதகங்களை உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட தொகுப்பில் செக் நாட்டு ஆய்வாளர் கோசிசெக் எழுதியிருக்கிறார். நீரின் கடினத்தன்மைக்கு உடல்நலக் காரணம் காட்டி அந்நிறுவனம் வரம்பே வைக்கவில்லை. உப்புத் தண்ணி குடித்தால் கிட்னியில் கல் என்கிறோம். போதிய தண்ணீர் குடிக்காததுதான் முக்கியக் காரணம் என்கிறார்கள் மருத்துவர்கள். 2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடத்தில் ஆர்.ஓ. வேண்டாம் என்று உத்தரவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வீட்டு மெஷின் ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுவதும் அதில் ஒரு காரணம்.

ஆர்.ஓ.வே வேண்டாம் என்று சொல்லவில்லை. போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லாத வீட்டுக்கு, நைட்ரேட்டோ குரோமியமோ இருக்கும் தெருவுக்கு, அது தேவை. யு.வி. விளக்கு கிருமியைக் கொல்லும், உப்பைத் தொடாது. இப்போது புதிதாக ஆல்கலைன் தண்ணீர் மெஷின் லட்ச ரூபாய்க்கு விற்கிறார்கள். வயிற்றில் இருப்பது அமிலம். உள்ளே போன அடுத்த நிமிடம் அந்தக் காரம் காணாமல் போய்விடும். செப்புக் குடத்தைக் கேலி செய்யாதீர்கள். பெங்களூரில் 2012-ல் செய்த ஆய்வில் பதினாறு மணி நேரம் செம்புப் பாத்திரத்தில் வைத்த நீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் செத்திருந்தன. ஆனால் அதுவும் உப்பையோ நைட்ரேட்டையோ எடுக்காது.

இவ்வளவையும் படித்தபின் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் ஆய்வகங்கள் உண்டு, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் உண்டு. கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் சுத்தம் செய்த பாட்டிலில்தான் எடுக்க வேண்டும், அன்றே சேர்க்க வேண்டும். நான் நான்கு மாதிரி கொடுத்தேன்: தெருக் குழாயிலிருந்து நேராக, சம்ப்பிலிருந்து ஏறி வரும் சமையலறைக் குழாயிலிருந்து, போரிலிருந்து, கேனிலிருந்து.

முடிவு வந்தது. போரில் நைட்ரேட் 45-ஐத் தாண்டியிருந்தது. எதிர்பார்த்ததுதான், வாயு மூலை உபயம். கேனில் குறை ஒன்றும் இல்லை. தெருக் குழாயில் டி.டி.எஸ். வரம்புக்குள், குளோரின் இருந்தது, கிருமி இல்லை. சமையலறைக் குழாயில் கோலிஃபார்ம் இருந்தது. அதாவது மலக் கிருமிக் குடும்பம். அரசாங்கம் சுத்தமாகத் தெரு வரை கொண்டுவந்து கொடுத்ததை என் சொந்தத் தொட்டியில் வைத்து நான் கெடுத்திருக்கிறேன். மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரிப்போர்ட்டை ஃபிரிட்ஜ் மேல் காந்தத்தில் ஒட்டிவிட்டுப் போய்விட்டாள்.

சம்ப்பைச் சுத்தம் செய்து எட்டு வருடம் ஆகியிருந்தது. ஆள் வைத்துத் திறந்தோம். (மூடியைத் திறந்தவுடன் யாரையும் இறக்காதீர்கள். சில மணி நேரம் காற்றாட விட்டு, வெளியே ஒருவர் நிற்கும்போதுதான் இறங்க வேண்டும்.) அடியில் நாலு விரற்கடை சேறு. மேற்குச் சுவரில், செப்டிக் டேங்க் பக்கமாக, வேப்பமர வேர் நுழைந்து ஒரு விரிசல். வேரை வெட்டி, சுவரைப் பூசி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, இரண்டு முறை நிரப்பிக் கொட்டினோம்.

மகளுக்கு இப்போது பதில் எழுதிவிட்டேன். தெருக் குழாய்த் தண்ணீரை நேராகப் பிடித்து, தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் வைத்து இறக்கி, மூடிய எவர்சில்வர் பானையில் ஆறவிட்டு, நீளக் கரண்டியால் மொண்டு கொடுக்க வேண்டும். கையை உள்ளே விடக்கூடாது, தாத்தா உட்பட. குழாய் வராத நாளுக்கு முத்திரையும் தேதியும் பார்த்து வாங்கிய கேன், அதையும் கொதிக்க வைத்து. ஆர்.ஓ. மெஷினைக் கழற்ற மகன் ஒப்புக்கொள்ளவில்லை. பேச்சுவார்த்தை நடக்கிறது.

சமையலறைக் குழாயின் மறுமாதிரியை வியாழக்கிழமை கிண்டியில் கொடுக்கிறேன். முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன். சேலையூர், செம்பாக்கம், பம்மல், அனகாபுத்தூர் பக்கத்து நண்பர்கள் கிணறு, போர் பரிசோதித்திருந்தால் நைட்ரேட் எவ்வளவு வந்தது, உங்கள் செப்டிக் டேங்க் எந்த மூலை, பக்கத்து வீட்டுக்காரருடையது எந்த மூலை என்று கீழே எழுதுங்கள். ஒரு வரைபடம் போட்டுப் பார்க்க ஆசை.